ஒன்பது மாதக் குடும்பத் தலைவர்

“நிவாரணக் காட்டை இஞ்ச தா. ஆம்பிளையில்லாத வீட்டில அது என்னத்துக்கு?”

நிவாரண அட்டைக்காக முத்துலிங்கம் கையை நீட்டினார். செத்துப்போன தம்பியின் முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்து ஒரு கிழமைதான். படலையில் அவர் மனைவி வடிவம்மா சைக்கிளைப் பிடித்தபடி நின்றாள்.

“தந்தா ஒரு சுண்டு அரிசிக்கும் உங்கட வாசலிலதான் நிக்கவேணும் அத்தான்,” என்ற தம்பி மனைவி அருந்ததி, காட்டில் பேரை மாற்றக் குழந்தையோடு நேரே கிராம அலுவலரிடம் போனாள்.

மல்லாவிக்கு இடம்பெயர்ந்து வந்த நாள்முதல் நிவாரணம் நடக்கும் விதத்தை அவள் கவனித்திருந்தாள். படிவத்தில் ‘குடும்பத் தலைவர்’ என்றொரு கட்டம். அதில் பெயர் உள்ளவர் நேரில் வந்து பதிவேட்டில் ஒப்பமிட்டால்தான் சங்கக்கடையில் அரிசி அசையும்.

“பொம்பிளையின்ர பேர் போட ஏலாது பிள்ளை,” என்றார் அலுவலர் கதிர்காமநாதன். “வீட்டில வேற ஆம்பிளை இல்லையோ?”

“ஒராள் இருக்கிறார். ஒன்பது மாதம்.”

“பிறகென்ன!” நிம்மதியோடு ‘தர்ஷன்’ என்று எழுதினார். அந்த வழி அவருக்கு நன்றாகப் பிடித்துவிட்டது. கணவனை இழந்த இன்னும் பதினொரு பேரின் வீடுகளுக்கும் அதே கிழமை சின்னத் தலைவர்களை நியமித்தார். இரண்டு பெண்பிள்ளைகள் மட்டுமே உள்ள ராஜினிக்குக் காட் இல்லை.

அருந்ததி அந்தப் பெண்களின் கொட்டில்கள் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினாள்.

நிவாரண நாளில் அலுவலரின் மேலதிகாரியான உதவி அரசாங்க அதிபரும் பார்வையிட வந்திருந்தார். அருந்ததி தர்ஷனை மேசையில் இருத்தினாள்.

“தலைவர் வந்திருக்கிறார் ஐயா. ஒப்பம் எடுங்கோ.”

“நீயே வை பிள்ளை,” என்றார் கதிர்காமநாதன்.

“தலைவர் இருக்கேக்க நான் வைக்கலாமோ? ஒழுங்கெண்டு ஒண்டு இருக்கெல்லோ!”

அலுவலர் குழந்தையின் பெருவிரல் அடையாளம் எடுக்க முயன்றார். தலைவர் மைப்பெட்டியை அளைந்து, அலுவலரின் வெள்ளைச் சட்டையில் ஐந்து விரலும் பதித்து, பதிவேட்டின்மேல் மூத்திரமும் பெய்தார். வரிசை விழுந்து விழுந்து சிரித்தது. பின்னால் இன்னும் பதினொரு தலைவர்கள். ஒருவர் விரல் சூப்பினார், ஒருவருக்குக் காற்சட்டையே இல்லை.

சிரிப்பை அடக்கிக்கொண்டு உதவி அரசாங்க அதிபர் நிவாரண விதிகள் உள்ள சுற்றுநிருபத்தைக் கேட்டு வாங்கி, இருதரம் வாசித்தார்.

“இதில ஆம்பிளை எண்டு எங்க கிடக்கு?”

எங்கும் இல்லை. கட்டத்தை அச்சடித்தவர்கள் வெறுமையாகத்தான் விட்டிருந்தார்கள். நிரப்பியவர்கள்தான் அதற்கு மீசை வரைந்தார்கள்.

“ராஜினி” என்று முதல் காட்டை எழுதினார் கதிர்காமநாதன். அடுத்தது “அருந்ததி.”

சைக்கிளை முத்துலிங்கத்தின் கையில் கொடுத்துவிட்டு, காட் எழுதும் வரிசையின் கடைசியில் வடிவம்மா போய் நின்றாள்.

முத்துலிங்கம் பதறினார். “நீ ஏனப்பா அங்க? நான் உயிரோட நிக்கிறனெல்லே!”

“ஓம், நிக்கிறியள். அப்பிடியே சைக்கிளைப் பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ, வாறன்.”