மாப்பிள்ளை பார்க்கப் போன சுரங்கம்

மாட்டுங்காவில் பெண் பார்க்க வருகிறவர்களுக்குச் சொஜ்ஜியும் பஜ்ஜியும் நீட்டி நீட்டி எனக்கு அலுத்துவிட்டது. அறுபத்து நாலில் மட்டும் மூன்று பேர். அதில் ஒருவன், ஃபோர்ட் ஆபீஸில் டைப்பிஸ்டாக இருக்கும் எனக்கே டைப்ரைட்டரை எப்படித் துடைக்க வேண்டும் என்று பாடம் எடுத்தான். மூவரையும் வேண்டாம் என்றேன். நாலாவது வரனுக்கு லீவு கிடைக்கவில்லை என்று தெரிந்ததும், "அப்போ நாமளே போய்ப் பார்த்துட்டு வரலாம்ப்பா" என்றேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அப்பாவுக்கு ரயில் பிரயாணம் என்றால் உயிர். கிளம்பிவிட்டார்.

வரனின் பெயர் மகாதேவன். மைசூர் ராஜ்யமும் ஆந்திராவும் முட்டிக்கொள்ளும் எல்லைக் கிராமம் ஒன்றில், பழங்காலத்துத் தங்கச் சுரங்கங்களை ஆராயும் சர்க்கார் முகாமில் ஜியாலஜிஸ்ட். கல்யாணம் ஆனால் என் வேலையை விட்டு, பம்பாயை விட்டு, அந்தப் பொட்டலில் போய் உட்கார வேண்டும். அதற்கு இந்த மனிதர் தகுமா என்பதுதான் என் கவலை.

ராய்ச்சூரில் இறங்கி ஜீப்பில் போனோம். ஊரே வேடிக்கையாக இருந்தது. டீக்கடை மைசூரில், அதற்குத் தண்ணீர் எடுக்கும் கிணறு ஆந்திராவில். ஊருக்குப் பின்னால் பாறை முழுக்க ஆட்டுக்கல் மாதிரி குழிகள்.

"இதுல என்ன அரைச்சா?" என்று சுற்றிக் காட்ட வந்த மகாதேவனைக் கேட்டேன். வெயிலில் அவர் மூக்குத் தோல் உரிந்திருந்தது.

"தங்கம் கலந்த கல்லை. புருஷா உள்ள இறங்கி வெட்டுவா. பொம்மனாட்டிகள் மேல உட்கார்ந்து அரைப்பா. ரெண்டாயிரம் வருஷம் இருக்கும்."

"வெடி இல்லாம பாறையை எப்படி உடைச்சா?"

"தீ மூட்டிச் சுட வெச்சு, சட்டுனு தண்ணி விட்டா கல் பிளந்துடும். சுவர்ல இன்னும் கரி இருக்கே."

கரி இருக்கிறதாம்! அதைக் கேட்ட பிறகு நான் மேலே நிற்பேனா? "நான் பார்க்கணும்" என்றேன்.

"மைன்ஸ்ல லேடீஸ் இறங்கப்படாதுன்னு சட்டமே இருக்கு."

நாலாவதும் இப்படித்தானா என்று எனக்குச் சுள்ளென்று வந்தது. "வேலை நடந்தாத்தானே மைன்ஸ்? இது வெறும் பள்ளம்."

கொஞ்சம் யோசித்தார். பிறகு சிரித்துவிட்டார். லாந்தரோடு முகாம் காவல்காரரை முன்னால் விட்டு என்னையும் அழைத்துப் போனார். அப்பா வேப்பமரத்தடியில் பேப்பரோடு உட்கார்ந்துகொண்டார்.

சுவரைத் தொட்டேன். நேற்று எரிந்த அடுப்புபோல விரலெல்லாம் கரி. எனக்குப் புல்லரித்தது. இன்னும் கொஞ்ச தூரத்தில் சுரங்கம் பொந்தாகக் குறுகியது. மகாதேவனின் தோள் அதில் நுழையவில்லை.

"இதுக்கு மேல நான் போனதில்லை."

"அப்போ வெட்டினவா எப்படிப் போனா?"

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நுழைந்தேன். பின்னால் அவர் "வேண்டாம், வேண்டாம்" என்று கத்தினார். ஆனால் அந்தப் பொந்து என் உடம்புக்குச் சரியாக இருந்தது. மண்ணைத் துழாவியபோது கையில் வளைவாக ஏதோ தட்டுப்பட்டது. வெளியே வந்து லாந்தர் வெளிச்சத்தில் காட்டினேன். சங்கு வளையல் துண்டு.

மகாதேவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் மாப்பிள்ளை பார்க்க வந்தவள் என்பதே மறந்துபோய் மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"உள்ள வந்து வெட்டினதும் பொம்மனாட்டிகள்தான் போலிருக்கே! ரெண்டு வருஷமா வரவா கிட்டல்லாம் தப்பாச் சொல்லிண்டிருந்திருக்கேன்."

முகமெல்லாம் சந்தோஷம். தன் தப்பைக் கண்டு இப்படிப் பூரிக்கிற ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. அவரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

மேலே வந்ததும் என் புடவையைப் பார்த்து அப்பா பதறினார். "என்னடி கோலம் இது? சரி, என்ன முடிவு பண்ணினே?"

"எனக்குச் சம்மதம்ப்பா."

"இந்தப் பொட்டக்காட்டுல அப்படி என்னத்தைக் கண்டே?"

"தான் சொன்னது தப்புன்னு அவரே ஒத்துண்டார்."

"அதுக்காகவா ஒருத்தனைக் கல்யாணம் பண்ணிப்பா?"

"ஆத்துக்குப் போய் அம்மாவைக் கேட்டுப் பாருங்கோ" என்றேன்.