ஆட்சேபணை இல்லை

சாம்பல் கிண்ணத்தை மாற்ற ஒரு முறை உண்டு. நிறைந்த கிண்ணத்தை அப்படியே தூக்கினால் மின்விசிறிக் காற்றில் சாம்பல் பறந்து சூப்பில் விழும். அதனால் சுத்தமான கிண்ணத்தை முதலில் அதன் மேல் கவிழ்த்து, இரண்டையும் சேர்த்தெடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டு, மேலே இருந்ததை மட்டும் நிமிர்த்தி மேசையில் வைக்க வேண்டும். பின்ஹால் அக்கா இதை ஒரே கையால், பேசிக்கொண்டிருப்பவரின் பேச்சு அறுபடாமல், முழங்கையில் இடிக்காமல் செய்வாள். ஒன்பது வருடப் பழக்கம். மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்று மணிக்குள் பதினான்கு மேசைகளில் எப்படியும் அறுபது கிண்ணம் மாறும்.

அந்த உணவகத்தில் இரண்டு ஹால்கள். முன்ஹாலில் தெருவைப் பார்த்த ஜன்னல்கள் உண்டு. குழந்தை குட்டியோடு வருகிறவர்கள் அங்கே உட்காருவார்கள். பின்ஹால் சிகரெட் பிடிப்பவர்களுக்கு. அங்கே ஜன்னல் கிடையாது. சுவரின் உச்சியில் ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன், பேருக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. சுவர் ஒரு காலத்தில் வெள்ளை. போன வருடம் பழைய கடிகாரத்தைக் கழற்றியபோது அது இருந்த இடம் மட்டும் வட்டமாக வெளுப்பாகத் தெரிந்தது. மற்றதெல்லாம் ஆறிப்போன டீயின் நிறம்.

அக்கா வாழ்நாளில் ஒரு சிகரெட்டைக்கூட உதட்டில் வைத்தவள் இல்லை. ஆனால் வீட்டுக்குப் போனதும் கணவன் மூக்கைச் சுளிப்பான். "என்னை நிறுத்துன்னு உசுர எடுத்த. நான் நிறுத்தி நாலு வருஷமாச்சு. இப்ப நீ ஒரு பெட்டியையே ஊதித் தள்ளிட்டு வர்ற மாதிரி இருக்கு."

"ஓசியிலதானே? உங்களுக்கென்ன வலிக்குது?" என்பாள். இருவரும் சிரிப்பார்கள். சிரித்தால் அவளுக்கு இருமல் வரும். இருமல் வந்தால் சிரிப்பு நின்றுவிடும்.

இரண்டு மாதத்துக்கு முன் அந்த இருமலுக்காக டாக்டரிடம் போனாள். அவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஒரு நாளைக்கு எத்தனை பிடிப்பீங்க?" என்றார்.

"பிடிக்கிறதே இல்ல டாக்டர்."

"என்கிட்ட மறைக்காதீங்கம்மா. நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல."

"நெசமாத்தான் டாக்டர். பிடிக்கிறவங்களுக்குப் பரிமாறுறேன்."

அவர் படத்தைக் கீழே வைத்தார். 'புகை உள்ள இடத்தில் வேலை செய்வதைத் தவிர்க்க வேண்டும்' என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். அக்கா அதை நான்காக மடித்துப் பையின் உள்ஜிப்பில் வைத்தாள். முதலாளியிடம் காட்டவில்லை. பாத்திரம் கழுவும் பெண் ஒருத்தி கையில் புண் என்று இப்படி ஒரு சீட்டுக் கொண்டுவந்திருந்தாள். "ஆறினதும் வாம்மா" என்று நல்லபடியாகத்தான் சொல்லி அனுப்பினார்கள். ஆறி வந்தபோது தொட்டிக்கு முன்னால் வேறொருத்தி நின்றுகொண்டிருந்தாள்.

அதனால் அக்கா வேறு வழியில் போனாள். முன்ஹாலுக்கு மாற்றும்படி மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் முதலாளி ஒரே பதிலைச் சொன்னார். "உன்னை விட்டா பின்ஹாலை யாரும்மா பார்ப்பா?" அவர் அதைப் பாராட்டாகவே சொன்னார். கணவன் வேலை பார்த்த அச்சகம் மூடி ஆறு மாதம் ஆகியிருந்தது. நான்காவது முறை கேட்க அவளுக்குத் துணிச்சல் இல்லை.

இந்த நேரத்தில்தான் நகரசபை அந்தப் பேச்சை எடுத்தது. உணவகம், பேருந்து நிலையம், அலுவலகம் என்று மக்கள் கூடும் இடத்தில் எங்கேயும் புகைக்கக் கூடாது என்று தீர்மானம் கொண்டுவரப் போகிறார்களாம். அதற்கு முன் ஒரு குழு எல்லாத் தரப்பையும் கூப்பிட்டு விசாரிக்குமாம்.

மூன்றரை மணிக்கு ஊழியர்கள் சாப்பிட உட்கார்ந்தபோது அதே பேச்சு. முன்ஹால் சர்வர் நெட்டை, தானே சிகரெட் பிடிப்பவன், தடை வரட்டும் என்றான்.

"நீயே ஊதுறவன், நீ எப்படிடா அந்தப் பக்கம்?" என்றார் சமையல்காரர்.

"கழிப்பறைக்குத்தான் தினம் போறேன். அதுக்காக அதைச் சாப்பிடற மேசையிலயா போட முடியும்?"

"பின்ஹால் மூடினா பாதி வியாபாரம் போச்சு. பாதி ஆளும் போகும். முதல்ல யார் போவா? நெட்டையா இருக்கறவன்தான் கண்ணுல படுவான்."

நெட்டை தலையைக் குனிந்துகொண்டு எல்லோரையும் சிரிக்க வைத்தான். பிறகு, "பின்ஹால் மூடினா அக்காவைத்தானே முதல்ல போகச் சொல்லுவாங்க" என்றான். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான். அக்கா தட்டிலிருந்து நிமிரவில்லை.

மறுநாள் முதலாளி அவளைக் கல்லாவுக்கு அருகே கூப்பிட்டார். குரல் வழக்கத்தைவிடத் தணிவாக இருந்தது.

"புதன்கிழமை குழு கூடுது. எங்க சங்கத்திலேருந்து நாலு பேர் பேசறோம். முதலாளிங்க பேசினா காசுக்காகப் பேசறான்னுவாங்க. வேலை செய்யறவங்க ஒருத்தர் சொன்னா எடுபடும். நீ வா."

"நான் என்ன சார் பேசறது?"

"இருக்கறதைச் சொல்லு. ஒன்பது வருஷமா அங்கேதான் இருக்கேன், சிகரெட் பிடிக்கிற பழக்கம் இல்ல, எனக்கு ஒண்ணும் ஆகல. ஒரு நாள்கூட நீ லீவு போட்டதில்லையே, அதையும் சொல்லு. அங்க வேலை செய்ய எனக்கு ஆட்சேபணை இல்லை, அவ்வளவுதான். மூணு வரி."

அக்கா கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"நல்லபடியா பேசிட்டு வந்துடு. அடுத்த வாரம் உன்னை முன்ஹாலுக்கு மாத்திடறேன். ரொம்ப நாளா கேட்டுட்டு இருக்கியே, எனக்கு மறக்கல."

வீட்டில் இதைச் சொன்னபோது கணவன் சுவரில் சாய்ந்து யோசித்தான். "புகை ஒண்ணும் பண்ணலன்னு சொன்னா உன்னைப் புகையிலேருந்து எடுப்பாங்களா?"

"ஆமா."

"அது என்ன கணக்கு?"

"கணக்கு எதுவா இருந்தா என்னங்க? எனக்கு அந்த ரூம்லேருந்து வெளிய வரணும்."

புதன்கிழமை காலை தலைக்குக் குளித்து, கூந்தலைக் காயவைத்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு போனாள். மூன்று வரியும் மனப்பாடம். நகரசபைக் கட்டடத்தில் லிஃப்ட் கதவின் மேல் 'பழுது' என்று எழுதி ஒட்டியிருந்தது. கூட்டம் மூன்றாவது மாடியில்.

உணவகம் முழுக்கத் தரைமட்டம். அக்கா படியேறி முதலாளி பார்த்ததில்லை. அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி விறுவிறுவென்று ஏறிப் போனார். முதல் மாடித் திருப்பத்தில் அவள் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் நின்றாள். இரண்டாவது மாடியில் சுவரில் இருந்த அறிவிப்புப் பலகை முழுவதையும் படித்தாள். பிறப்புச் சான்றிதழ், குடிநீர் இணைப்பு, தொலைந்துபோன நாய். மேலேயிருந்து முதலாளியின் குரல் கேட்டது. "சீக்கிரம் வாம்மா, நம்ம முறை வந்துடும்!"

உள்ளே நாற்காலி கிடைக்காமல் ஆட்கள் சுவரோரம் நின்றிருந்தார்கள். சிகரெட் கடைக்காரர் ஒருவர் பேசி முடித்துக்கொண்டிருந்தார். "என் காசு, என் நெஞ்சு. இதுல உங்களுக்கு என்ன?"

பின் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "உங்க நெஞ்சுக்குள்ளேயே வெச்சுக்குங்க, யார் வேணாம்னா? உள்ளே இழுத்ததை ஏன் வெளியே விடறீங்க?" என்றாள். கூட்டம் சிரித்தது. குழுத் தலைவி மேசையைத் தட்டினாள். "அடுத்து, உணவக ஊழியர்."

முதலாளி அக்காவின் முழங்கையைத் தொட்டார். அவள் மைக்குக்கு முன்னால் போய் நின்றாள். வாயைத் திறந்தாள். முதல் வார்த்தைக்கு வேண்டிய காற்று இல்லை. மைக்கில் அவளுடைய மூச்சுதான் கேட்டது. மாவு சலிப்பதுபோல் ஒரு சத்தம், உள்ளே, வெளியே.

"பயப்படாதீங்கம்மா," என்றாள் தலைவி. "தண்ணி குடுங்க அவங்களுக்கு."

குழுவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த வழுக்கைத் தலைக்காரர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். அவருக்கு முன்னால் இருந்த அட்டையில் 'மருத்துவ உறுப்பினர்' என்று இருந்தது.

"உங்களுக்கு மூச்சு வாங்குதா?"

அக்கா தண்ணீர் டம்ளரைக் கையில் பிடித்திருந்தாள்.

"முதல் தடவை மைக் முன்னாடி நிக்கறாங்க சார்," என்றார் முதலாளி பின்னாலிருந்து.

"நான் அவங்களைக் கேட்டேன்." மருத்துவ உறுப்பினர் குரலை உயர்த்தவில்லை. "சொல்லுங்கம்மா. மூச்சுத் திணறல் இருக்கா? எப்பவும் இப்படித்தானா?"

அவள் பையின் வாரை இறுகப் பிடித்தாள். ஜிப்பைத் திறந்தால் சீட்டு இருக்கிறது. திரும்பிப் பார்த்தாள். முதலாளி முறைக்கவில்லை. தலையை மட்டும் லேசாக ஆட்டி, தைரியமாகச் சொல்லு என்பதுபோல் புன்னகை செய்தார்.

"மைக்னா பயம் சார்," என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். அன்பான சிரிப்பு. யாரோ கைகூடத் தட்டினார்கள். அதற்குள் கொஞ்சம் மூச்சு வந்துவிட்டது. ஒன்பது வருடம், பழக்கம் இல்லை, ஒன்றும் ஆகவில்லை, ஆட்சேபணை இல்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியாக, இடையில் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். நிறுத்தி நிறுத்திச் சொன்னதால் அது இன்னும் உறுதியாகக் கேட்டது. எழுத்தர் அவள் பெயரையும் வேலையையும் கேட்டுப் பதிவேட்டில் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டார். மருத்துவ உறுப்பினர் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தார். தலைவி அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டாள்.

முதலாளி சொன்ன சொல் தவறவில்லை. திங்கட்கிழமை அவளை முன்ஹாலுக்கு மாற்றினார். பின்ஹாலுக்குப் புதிதாக ஒருவனைப் போட்டார்கள். அவன் கிண்ணம் மாற்றுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை என்று வாடிக்கையாளர்கள் குறைபட்டுக்கொண்டார்கள். அக்காவுக்கு ஜன்னலோரம் ஆறு மேசைகள். முதல் இரண்டு நாள் வெளிச்சத்தில் கண் கூசியது. ஐந்தாம் நாள் காலை எழுந்ததும் இருமல் வரவில்லை. கணவன் அவள் தலையை முகர்ந்து பார்த்துவிட்டு, "யாருடி நீ?" என்றான். அவள் சிரித்தாள். முழுதாகச் சிரித்து முடித்தாள்.

"அக்கா, இங்க வந்ததுலேருந்து பத்து வயசு குறைஞ்சிருச்சு," என்றான் நெட்டை.

"அப்போ உனக்குத் தங்கச்சிடா. மரியாதையா அந்தப் பெரிய தட்டை நீ தூக்கு."

முன்ஹாலில் அவள் நிம்மதியாக இருந்தது இருபத்து மூன்று நாள்.

இருபத்து நான்காம் நாள் காலையில் நகரசபை ஆணை வந்தது. தடை வந்துவிட்டது, ஆனால் இரு தரப்புக்கும் பொதுவாக ஒரு வழி கண்டிருந்தார்கள். சாப்பிடும் இடத்தில் புகைக்கக் கூடாது. காற்றுப் புகாத தனிக் கண்ணாடி அறை கட்டினால் அதற்குள் புகைக்கலாம், காபி குடிக்கலாம். அந்த அறையில் வேலை செய்ய ஆட்சேபணை இல்லை என்று குழு முன் பதிவு செய்த ஊழியரை மட்டுமே அங்கே அமர்த்த வேண்டும். ஊழியர் நலனுக்காகச் சேர்த்த வரி அது என்று முதலாளியே படித்துக் காட்டினார்.

"நம்ம ஹோட்டல்ல பதிவு பண்ணினது நீ ஒருத்திதான்," என்றார்.

"சார், நீங்க முன்ஹால்னு..."

"மாத்தினேனா இல்லையா?"

"மாத்தினீங்க."

"சட்டம் இப்படி வரும்னு நான் என்ன கனவா கண்டேன்? குழு மறுபடி எப்பக் கூடும்னே தெரியல. புதுசா யாரையும் பதிவு பண்ண முடியாது. அறைக்கு ஆள் இல்லன்னா அறை இல்ல. அறை இல்லன்னா பாதி ஆளுக்கு வேலை இல்ல. நெட்டைக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்."

அக்கா பையைத் திறந்து, உள்ஜிப்பிலிருந்து சீட்டை எடுத்துக் கல்லாவின் மேல் வைத்தாள். முதலாளி பிரித்தார். தேதியைப் பார்த்தார். இரண்டாவது முறையும் படித்தார்.

"குழுவுக்குப் போறதுக்கு முன்னாடியே இதை வாங்கியிருக்க."

"ஆமா சார்."

"தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டிருக்க." அவர் கோபப்படவில்லை. சீட்டைப் பழைய மடிப்பிலேயே மடித்து அவளிடம் நீட்டினார். "இதை நான் பார்க்கலன்னு வெச்சுக்கறேன். வெளிய தெரிஞ்சா உனக்குத்தான் கஷ்டம்."

பின்ஹாலை இடித்துப் பெரிதாக்கி வெள்ளையடித்தார்கள். ஒரு மூலையில் கண்ணாடி அறை எழுந்தது. கதவின் நான்கு விளிம்பிலும் ரப்பர் பட்டை. மூடினால் வெளியே இம்மியும் கசியாது. திறப்பு நாளில் நகரசபை அதிகாரி வந்து, மூக்கை உறிஞ்சிப் பார்த்து, முன்ஹாலில் துளி வாசனைகூட இல்லை என்று மகிழ்ந்தார். குழந்தையோடு வந்த ஒரு குடும்பம் முதலாளியின் கையைக் குலுக்கியது. தன் கையால் கண்ணாடியில் ஓர் அறிவிப்பை ஒட்டிவிட்டு அதிகாரி கிளம்பினார்.

பதினொன்றரைக்கு அறை நிறைந்தது. ஆட்கள் வந்தார்கள், ஒன்றோ இரண்டோ பிடித்தார்கள், காபியை முடித்துக்கொண்டு கண்ணைக் கசக்கியபடி வெளியேறினார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் முன்ஹாலின் சத்தம் ஒரு நொடி கேட்டு, அறுந்து போனது. நெட்டை தட்டோடு போகும்போது உள்ளே பார்க்காமல் போனான்.

பன்னிரண்டரைக்குள் கண்ணாடியின் உட்புறம் மங்கிவிட்டது. வெளியிலிருந்து முதலாளி விரலால் தட்டி, அறிவிப்பைக் காட்டி, துடைக்கும்படி சைகை செய்தார். அக்கா ஈரத்துணியை எடுத்து எழுத்துக்களின் மேல் மேலிருந்து கீழாகத் துடைத்தாள். 'உடல்நலன் கருதி இந்த அறையில் யாரும் பதினைந்து நிமிடத்துக்கு மேல் இருக்க வேண்டாம்.' ஒவ்வொரு வரி முடிந்ததும் கையைக் கண்ணாடியில் ஊன்றி நின்று மூச்சு வாங்கிக்கொண்டாள். துணியைத் திருப்பிப் பார்த்தாள், பழுப்பு இறங்கியிருந்தது. மறுபக்கத்தால் இன்னொரு முறை துடைத்தாள். அவளுடைய வேலை இரவு எட்டு மணிக்கு முடியும்.