வெர்மினஸ் பன் கடை

மூக்குக்கண்ணாடிக் கடையில் போர்டு எழுதுகிறவர் புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எதிர்ச் சுவரில் தொங்கிய எழுத்து அட்டையைக் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்தார். பெருமையாகத் திரும்பினார்.

"இந்தக் கண்ணு முன்னாடியே இருந்திருந்தா உங்க மாமனார் போர்டை இன்னும் ஜோரா எழுதியிருப்பேன் சார். காலையிலேயே மேல மாட்டி, துணி போட்டு மூடியாச்சு. இங்கிலீஷ்ல புதுசா ஒரு வார்த்தை கொடுத்தாரு பாருங்க, வெர்மினஸ்! 'வெர்மினஸ் பன்'னு முதல் வரி."

லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை டிக்‌ஷனரி பூரித்துப் போனான். அது அவன் கொடுத்த வார்த்தை.

உள்ளறையில் யாருடைய கண்ணிலோ டார்ச் அடித்துக்கொண்டிருந்த டாக்டர் தலையை வெளியே நீட்டினார்.

"பன்னுக்கா வெர்மினஸ்? யாருய்யா அந்தக் கடைக்கு எதிரி? புழு பூச்சி மண்டிக் கிடக்குன்னு அர்த்தம்!"

டிக்‌ஷனரியின் கை ஸ்கூட்டர் சாவியைத் தேடியது.

டிக்‌ஷனரி என்பது மாமனார் வீட்டில் அவனுக்கு வைத்த பட்டம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் அந்த வீட்டில் ஆங்கில எழுத்துக் கட்டைகளை அடுக்கி வார்த்தை கட்டும் விளையாட்டு ஆரம்பித்துவிடும். அதற்கு மாமனார் ஒரு சட்டம் போட்டிருந்தார். ஏழு எழுத்தோ அதற்கு மேலோ வைத்தால், வைத்தவர் அர்த்தம் சொல்ல வேண்டும். சந்தேகம் வந்தவர் அலமாரியிலிருந்து அகராதியை எடுத்துப் பார்க்கலாம். ஆனால் சொன்ன அர்த்தம் சரியாக இருந்துவிட்டால், சந்தேகப்பட்டவர் ஆட்டத்தை விட்டு எழுந்து போய் எல்லோருக்கும் டீ போட வேண்டும், டம்ளரையும் கழுவ வேண்டும்.

டம்ளர் கழுவப் பயந்தே அந்த வீட்டில் ஒருவரும் அகராதியைத் தொட்டதில்லை.

டிக்‌ஷனரிக்கு அது போதாதா? போனில் ஒரு ஆப் வைத்து நீள நீளமான வார்த்தைகளாக மனப்பாடம் செய்தான். அர்த்தம் படிக்க ஏது நேரம்? அதை அந்தந்தச் சமயத்தில் வாய் பார்த்துக்கொண்டது. வெர்மினஸை வைத்த அன்று எதிரே மாமனாரின் முகம் தெரிந்தது, அவர் ரொட்டிக்கடைக்காரர். "வெதுவெதுப்பா, மனசுக்கு இதமா இருக்கறதுன்னு அர்த்தம் மாமா" என்று அடித்துவிட்டான். கிழவர் சொக்கிப் போய்விட்டார். திறக்கப்போகும் புதுக் கடையின் கல்லா இனி டிக்‌ஷனரி மாப்பிள்ளைக்குத்தான் என்று அந்த இடத்திலேயே அறிவித்தார்.

கல்லா! இந்த லென்ஸ் துடைக்கும் பிழைப்புக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ராஜா மாதிரி உட்காரலாம். உண்மையைச் சொன்னால் அது போச்சு. சொல்லாவிட்டால் கடையே போச்சு.

ஸ்கூட்டரை முறுக்கினான்.

புதுக் கடை வாசலில் கூட்டம் சேர்ந்திருந்தது. போர்டை மூடிய வெள்ளைத் துணியிலிருந்து ஒரு கயிறு தொங்க, அதன் அருகில் இஸ்திரி மடிப்புக் கலையாமல் மாமனார் நின்றார். கொஞ்சம் தள்ளி, போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவர் சகலை. ஊரில் பாதிப் பேருக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுப்பவர்.

"என்ன சகலை, வேர்த்துக் கொட்டுது? வெர்மினஸா?" என்று காதோரம் வந்தார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"அன்னைக்கு வீட்டுக்குப் போனதும் பார்த்துட்டேன். சொல்லலாம்னுதான் நினைச்சேன். ஆனா மாமா கயிறை இழுத்து, நீங்க முழிக்கறதை நேர்ல பார்க்கற சுகம் வருமா?"

கயிற்றின் மேல் மாமனாரின் கை போய்விட்டது. டிக்‌ஷனரி பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தான். பிடித்த வேகத்தில் அவரை அடுப்பறைக்குள் தள்ளிக்கொண்டு போனான். என்னவோ ஏதோ என்று அவன் மனைவி பின்னாலேயே ஓடி வந்தாள். சகலையும் வந்தார், வீடியோவை நிறுத்தாமல்.

"மாமா, அந்த வார்த்தைக்கு அர்த்தம் எனக்குத் தெரியாது. நானா இட்டுக் கட்டினது. புழு பூச்சின்னு அர்த்தமாம்."

மாமனார் மாவு மூட்டையின் மேல் உட்கார்ந்தார். கடையைப் பற்றிக் கேட்பார் என்று பார்த்தால், "அப்ப அன்னைக்கு நான் தோத்தது?" என்றார்.

"அப்பா! போர்டு!" என்று மகள் கத்தினாள்.

"இரும்மா. மத்த வார்த்தையெல்லாம் மாப்ளே?"

"அதுவும்தான் மாமா."

"எல்லாமா?"

"எல்லாமே."

"அடப்பாவி மனுஷா!" என்றாள் மனைவி.

மாமனார் பெருமூச்சு விட்டார். "போகட்டும். ரெண்டாவது வரியாவது நம்ம வாத்தியார் மாப்பிள்ளை கொடுத்தது. பர்கேட்டிவ் கேக். பரிசுத்தமானதுன்னு அர்த்தம். அதை மட்டும் வெச்சுக்கலாம்."

சகலையின் கையிலிருந்த போன் மெல்லக் கீழே இறங்கியது.

டிக்‌ஷனரியின் மனைவி தன் போனில் தட்டினாள். தட்டியவள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சொல்லித் தொலைம்மா."

"பேதி மருந்துப்பா."

வெளியே கூட்டம் பொறுமையிழந்து கை தட்ட ஆரம்பித்திருந்தது.

"அத்திம்பேரே," என்றாள் அவள், "இவரோட வார்த்தையைப் பார்த்த கையோட உங்களுதையும் ஒரு தடவை பார்த்திருக்கலாம்ல?"

"அது... கிட்டத்தட்ட சுத்தம்தானே? வயித்தைச் சுத்தம்..." சகலை போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மாமனார் எழுந்து பின்பக்கத்து மாவைத் தட்டினார். இரண்டு மருமகன்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் வாயைத் திறந்தா புளுகு. சரி, கல்லாவுல உக்கார்றவனுக்கு அது கொஞ்சம் வேணும். நானும் நாப்பது வருஷமா உக்காந்தவன்தானே. ஆனா எந்த இடத்துல நிறுத்தணும்னு தெரியணும். இவர் நான் கயிறை இழுக்கறதுக்கு முன்னாடி நிறுத்தினார். நீங்க கேமராவைத் தூக்கிட்டு நின்னீங்க. கல்லா இவருக்கே. நீங்க ஏணியைப் பிடிங்க வாத்தியாரே, போர்டு இறங்கணும்."

துணி மூடியபடியே போர்டு கீழே வந்தது. மின்சாரக் கோளாறு, விளக்குப் போர்டு நாளைக்கு வரும் என்று மாமனார் கூட்டத்துக்குக் கூசாமல் அறிவித்தார். கூட்டம் அதற்கும் கை தட்டியது.

டிக்‌ஷனரி கல்லாவில் உட்கார்ந்தான். நாற்காலி சொகுசாக இருந்தது. முதல் ஆளாக வந்த அம்மாள் தட்டிலிருந்த பன் ஒன்றை விரலால் அமுக்கினார். அது அமுங்கவில்லை. அடுப்பைச் சோதிக்க நேற்றுப் போட்ட பன் அது.

"ஏம்பா, இது இன்னைக்குப் போட்டதா?"

டிக்‌ஷனரி மாமனாரைப் பார்த்தான். மாமனார் விட்டத்தைப் பார்த்தார்.

"நேத்துப் போட்டதும்மா" என்றான் டிக்‌ஷனரி. மாமனார் பல்லைக் கடிக்கும் சத்தம் கல்லா வரைக்கும் கேட்டது. "ஆனா ஒரு நாள் ஊறினாத்தான் இந்த ரகத்துக்கு ருசியே. வெளிநாட்டு முறை."

"அப்படியா? ஆறு கொடு."