நிழலுக்கு வார இறுதி விடுப்பு

செல்வகுமாரின் நிழல் ஒரு சனிக்கிழமை காலை சிறையின் முன்வாசல் வழியாக முறைப்படி வெளியே வந்து, கிள்ளானுக்கு பஸ் ஏறியது. பயணக் கார்டைக் கருவியில் தட்டவில்லை என்று டிரைவர் முனகியதைத் தவிர வழியில் பிரச்சினை எதுவும் இல்லை. செல்வகுமார் உள்ளேதான் இருந்தான். செராஸில் கார் நிறுத்தும் தகராறில் ஒருவன் கையை உடைத்ததற்கு அவனுக்கு இன்னும் தண்டனை பாக்கி இருந்தது.

இந்த விடுப்பு, சிறை இயக்குநர் ஜெயந்திரனின் சாதனை. மூன்று தலைமுறையாக அரசாங்கக் கோப்புகளில் கையெழுத்துப் போட்ட யாழ்ப்பாணத்துக் குடும்பம் அவருடையது. கல்யாண வாழ்த்தைக்கூட முன்னுரை, நோக்கம், பரிந்துரை என்று பிரித்துத்தான் பேசுவார். குற்றவாளியைப் பரிசு கொடுத்துத்தான் திருத்த முடியும் என்று வெளிநாட்டுப் பயிற்சியில் கேட்டு வந்தவர், நல்ல காரியம் ஒவ்வொன்றுக்கும் ஒரு நீல நட்சத்திரம் என்று அறிவித்தார். கொஞ்சம் சேர்ந்தால் ஒரு கோப்பை மைலோ, இன்னும் சேர்ந்தால் கூடுதல் டெலிபோன் நேரம், எல்லாவற்றுக்கும் மேலே வார இறுதி விடுப்பு. கைதியை வெளியே விட மேலிடம் மறுத்தது. நிழலைப் பற்றி விதிமுறையில் ஒன்றும் இல்லை. சீக்கிரமே சிறை நற்குணத்தால் நிரம்பி வழிந்தது. வாளியைக் கவிழ்த்தவனே ஓடிவந்து தரையைத் துடைத்தான். இருவர் பேசிவைத்து அடித்துக்கொள்ள மூன்றாமவன் விலக்கிவிட்டு நட்சத்திரம் வாங்கினான், அடுத்த வாரம் முறை மாறியது. ஜெயந்திரன் ஹோட்டல் மாநாடுகளில் வரைபடம் காட்டினார். தப்பியோடிய நிழல் ஒன்றுகூட இல்லை.

நிழலை அனுப்பியவன் படும் பாட்டுக்கு வரைபடத்தில் கோடு இல்லை. சனி ஞாயிறுகளில் அங்கே யாராலும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. செல்வகுமார் சுவருக்கும் கம்பிக்கும் நடந்துகொண்டே இருந்தான். விளக்கடியில் நின்று தரையைப் பார்ப்பான், வெறும் சிமெண்ட், மறுபடி நடப்பான். "என்னா மச்சான், ஒன் நிழல் வீட்டுல கோழி பெரட்டல் சாப்புடுது, நீ இங்க மீன் முள்ளு எடுத்துக்கிட்டு இருக்க," என்பான் பக்கத்து அறைச் சபாபதி.

தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்துப் பார்க்க வந்த மனைவி ராஜினியிடம், கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து போனில் கேட்டான்.

"அது வீட்ல என்னா பண்ணுது?"

"சும்மா இருக்கு லா. அதான் நல்லா இருக்கு. சத்தம் இல்ல, தட்டு பறக்கல. இந்துஜா பயப்படாம அது பக்கத்துல உக்காந்து ஹோம்வர்க் செய்யுறா."

"நான் வந்தா?"

ராஜினி போனைக் காது மாற்றிக்கொண்டாள். "வாங்க, பாப்போம்."

அந்த 'பாப்போம்' அவனைத் தூங்கவிடவில்லை. தன் வீட்டில் தன் இடம் போகிறது என்று புரிந்து, விடுப்பை ரத்தாக்கவே சாப்பாட்டு வரிசையில் ஒருவனை அடித்தான். நட்சத்திரங்கள் போயின, மைலோ போனது, தண்டனைக் குறைப்பும் போனது. விடுப்பு மட்டும் போகவில்லை. அது நிழலின் பேரில் இருக்கிறது, நிழலின் நடத்தையில் குறை இல்லை என்று ஜெயந்திரன் தீர்ப்பெழுதினார். மறு வருடம் நிழலை நிரந்தரமாக விடுவித்து, அவர் அரசு விருது பெற்று டத்தோ ஆனார்.

செல்வகுமார் வெளியே வந்தபோது ராஜினி கம்பிக் கதவைப் பாதி திறந்து டீ கொடுத்தாள். உள்ளே நாற்காலியில் நிழல் இருந்தது. "அது இருக்கட்டும்ங்க. நீங்க வந்து வந்து போங்க," என்றாள். கத்தினால் பாதிக் கதவும் மூடிவிடும் என்று தெரிந்து, அவன் டீயைக் குடித்தான். செலாயாங் மொத்தச் சந்தையில் முட்டைக்கோஸ் மூட்டை இறக்கினான், அங்கேயே அறை எடுத்தான், ஞாயிறு தவறாமல் வந்தான். முதல் வருடம் வாசலோடு சரி. அப்புறம் கூடம். தட்டு கழுவிவைக்கும் வேலை எப்படியோ அவனுடையதாகிவிட்டது. அண்டைவீட்டார் இரண்டு பேரையும் விசாரிக்கப் பழகிக்கொண்டார்கள்.

இந்துஜா பட்டம் வாங்கிய நாளில், மண்டபத்துக்கு வெளியே நல்ல வெயிலில் அவளும் ராஜினியும் நின்றார்கள், நடுவில் நிழல். படமெடுக்கச் சொல்லி இந்துஜா அப்பாவிடம் போனைக் கொடுத்தாள். அவன் திரையைப் பார்த்து, "பாஸ், கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி நில்லுங்க, அம்மா மொகத்துல இருட்டா விழுது," என்றான்.

நிழல் தள்ளி நின்றது. அவன் படமெடுத்தான்.