ஹேஸ்டிங்ஸ் கடலில் கரைத்தது

எங்கள் ஊர்ச் சங்கத்துக் கோச் பஸ் லண்டன் பார்க்கிங் பகுதியிலிருந்து ஹேஸ்டிங்ஸ் கடற்கரைக்குப் புறப்பட்டபோது என் மடியில் ஒரு பை இருந்தது. உள்ளே என் மனிசன். எண்பத்தொன்பதாம் ஆண்டு தையில் எரித்தோம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு முன்னமே சாம்பலைக் கடலில் கரைத்திருக்க வேண்டும். கரைக்க வேண்டியவன் அவருடைய தம்பி யோகராஜா. அவனிடம் கார் இருக்கிறது, பெரிய வாய் இருக்கிறது, நேரம் மட்டும் இல்லையாம். சித்திரையும் முடிந்துவிட்டது. பிள்ளை குட்டி இல்லாத எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? மனிசனை அலுமாரிக்குள் வைத்துவிட்டு நான் எப்படி நித்திரை கொள்வது? இந்தப் பயணத்தை ஒழுங்கு செய்தவனும் அவன்தான் என்று அறிந்து, ஒருவருக்கும் சொல்லாமல் ஏறிவிட்டேன்.

கடற்கரையில் கோச் நின்றதும், வடை இருக்கும் என்று நினைத்து அவன் பெண்சாதி சிவகௌரி என் பைக்குள் கையை விட்டாள். அவள் போட்ட கூச்சலில், கோட்டை பார்க்க மலையேறப் போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்தார்கள். சாப்பாட்டுக்குப் பக்கத்திலா சாம்பலை வைத்தாய், துடக்கல்லவா, தீட்டல்லவா என்று ஆளாளுக்கு என்னைக் கிழித்தார்கள். விரதக்காரர் கனகலிங்கம் இனிப் பச்சைத் தண்ணீரும் குடிக்கமாட்டேன் என்றார்.

யோகராஜாவின் முகம் கறுத்துவிட்டது.

“சனத்துக்கு முன்னால என்னை நாறடிச்சுப்போட்டியள், மச்சாள்.”

செத்த அண்ணனைப் பற்றி ஒரு சொல் இல்லை. நாசமாய்ப் போவான். வா, வந்து கரைத்துவிடு என்று கெஞ்சினேன். சங்கத்து ஆட்களைப் பார்த்துவிட்டு மாட்டேன் என்றான்.

“வேணுமெண்டால் நீங்களே கரையுங்கோ. ஆனால் தலைக்கு முழுகாமல் கோச்சில ஏற ஏலாது.”

இந்தக் குளிரில் கிழவி முழுகமாட்டாள், றெயினில் போய்த் தொலையட்டும் என்று நினைத்திருக்கிறான். எனக்கு இங்கிலீசும் தெரியாது, றெயினும் தெரியாது. அது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

கூழாங்கற்களில் தடுக்கித் தடுக்கி இறங்கினேன். இடுப்பளவு தண்ணீரில் நின்று சாம்பலைக் கவிழ்த்தேன். “போங்கோ” என்றேன். பிறகு வாய்விட்டு அழுதேன். அழுதுமுடிந்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டு தலையை அமிழ்த்தினேன். குளிரில் உயிர் போய் வந்தது.

சேலை சொட்டச் சொட்டக் கோச்சில் ஏறினேன். யோகராஜா ஒரு துவாயை நீட்டினான். நான் வாங்கவில்லை.

“நாளைக்கு நான் செத்தால் என்ரை கொள்ளிக்கும் வராதை, தம்பி.”

அவன் பக்கத்தில் இருந்த சிவகௌரி எழும்பிப் பின்னால் போய்விட்டாள். லண்டன் வரும்வரை நான் அவள் சீட்டில், அவன் பக்கத்திலேயே நடுங்கிக்கொண்டு இருந்தேன்.