மூன்றாம் நம்பர் மிஷின்

அண்ணிக்கு நாற்பது தாண்டிவிட்டது. ஓட்டல் படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் சலவைக்கூடத்தில் வேலை. கணவர் அங்கேயே மிஷின் மெக்கானிக். இந்த வயதில் ராப் பாடினால் நாலு பேர் சிரிக்க மாட்டார்களா? சிரித்தார்கள். கறுப்புக் கண்ணாடி போட்டு, யாரோ போட்ட தாளத்துக்குக் கையை வீசி அவள் ஏற்றிய முதல் வீடியோவைப் பார்த்தவர்களே மொத்தம் நாலு பேர்தான். அதில் ஒருத்தி அவளே.

பிறகுதான் புத்தி வந்தது. மூன்றாம் நம்பர் மிஷின் சுழலும்போது டம் டக டம் என்று முட்டும். ஒருநாள் அதனோடு வாய் கொடுத்தாள்.

"கறைய பாத்து மொறைச்சா போகாது, கசக்கணும்!
குறைய சொல்ற வாய மட்டும் எதுல போட்டு அலசணும்?"

கூடவே வேலை பார்க்கும் நாத்தனார் அதைப் போனில் பிடித்து இணையத்தில் போட்டாள். நடுவில் அவள், "அண்ணி, சோப்பு தீந்துருச்சு!" என்று கத்தியதும் சேர்ந்தே பதிவாகிவிட்டது. அவ்வளவுதான், வீடியோ காட்டுத்தீயாய்ப் பரவியது. முகம் தெரியாத லட்சம் பேருக்கு அவள் அண்ணி ஆகிவிட்டாள்.

இன்று மாலை நேரலை. இசை நிறுவனத்து மேனேஜர் பார்க்கப்போகிறார். "அந்தச் சத்தம் ஏதோ அதிர்ஷ்டத்துல வந்துச்சா, இல்ல உங்க கைவசம் இருக்கான்னு தெரியணும்" என்று சொல்லியிருந்தார். கைவசம் இருந்தால் அவள் தாளத்திலேயே முதல் ஆல்பம். இல்லாவிட்டால் அவர்கள் தாளம், அவர்கள் வரி, அவர்கள் சொல்கிற உடுப்பு.

மிஷினைப் போட்டாள். சுழன்றது, ஆனால் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

"ஏங்க, இதுக்கு என்னாச்சு?"

கணவர் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "ஊரே பாக்கும்போது மானம் போகக்கூடாதுல்ல? மத்தியானமே அந்த முட்டுற பேரிங்க மாத்திட்டேன். எப்படி ஓடுது பாரு!"

கட்டிக்கொள்வதா கடித்து வைப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. "அதுதாங்க என் தாளமே!"

"ஐயையோ!" தலையில் கை வைத்துக்கொண்டார் மனிதர்.

"அண்ணி, ரெடிமேட் பீட் ஒண்ணு வச்சிருக்கேன். போடவா?" என்றாள் நாத்தனார்.

"போட்டுப் பாரு, உன்னையும் உள்ள போட்டுத் துவைச்சிடுறேன்."

புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் எல்லாரும் ஒரு தப்புச் செய்வார்கள். கனத்த போர்வைகளை உதறிப் போடாமல் ஒரே மூட்டையாகத் திணிப்பார்கள். தண்ணீர் ஏறியதும் பாரம் ஒரு பக்கமாக ஒதுங்கி, மிஷின் பேய் பிடித்ததுபோல் குதிக்கும். அதற்காக அண்ணியிடம் திட்டு வாங்காத ஆளே அங்கே கிடையாது. இப்போது அவளே ஈரப் போர்வைகளை இறுக்கி முடிந்து உள்ளே தள்ளிக் கதவை அடித்துச் சாத்தினாள்.

டம். டம் டக. டக டம் டம்!

தரை அதிர்ந்தது. பழைய முட்டு இதன் கால் தூசிக்குப் பெறாது! நாத்தனார் போனைத் தூக்கி நேரலையைத் தொடங்கினாள். மிஷின் இடம்விட்டு நகரத் தொடங்க, கணவர் பாய்ந்து இரண்டு கையாலும் அதைக் கட்டிப் பிடித்தார். அவர் பல் கிடுகிடுக்க, அண்ணி பாடினாள். முடிந்துவைத்த போர்வை ஒவ்வொரு சுற்றிலும் வேறு மாதிரி விழுந்தது. அவளும் விடாமல் துரத்தினாள். உடம்பெல்லாம் சந்தோஷம் பொங்கியது. திரையில் கருத்துகள் படிக்க முடியாத வேகத்தில் ஓடின.

பாடி முடித்த கையோடு போன் அடித்தது. மேனேஜர்தான்.

"ஆல்பம் உங்க இஷ்டப்படியே பண்ணலாம்மா. அந்த பீட் போட்டவர் யாரு? அவர் பேரையும் ஒப்பந்தத்துல போடணும்."

அண்ணி திரும்பிப் பார்த்தாள். மிஷின் நின்றுவிட்டது. கணவர் மட்டும் வியர்வையில் தொப்பலாக நனைந்து, அதைக் கட்டிப்பிடித்தபடி இன்னும் ஆடிக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்டுக்காரர் சார்" என்றாள்.