நாலு நிமிஷ போன்

வேலையிடத்தில் அவனுக்கு ‘மறுபடி’ என்று பெயர். லிப்ட் மெக்கானிக். ஒரு போல்ட்டை முடுக்கிவிட்டு, முடுக்கினோமா என்று மறுபடி பார்ப்பான். பார்த்தோம் என்பதையும் நம்பாமல் இன்னொரு தரம் பார்ப்பான். வீட்டுப் பூட்டை அவன் இழுத்துப் பார்க்கிற இழுப்பில் பூட்டுதான் பாவம். இப்படிப்பட்டவன் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. டாக்டர் ஊசி போட்டுச் சதை எடுத்து, ரிசல்ட் வரப் பத்து நாளாகும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்தப் பத்து நாளில் அவன் கடவுளையே சந்தேகப்படத் தொடங்கினான். சின்ன வயதிலிருந்து கைகூப்பாமல் வேலைக்குக் கிளம்பியதில்லை. இப்போதும் கூப்பினான், ஆனால் வாயில் வார்த்தை வரவில்லை. விஷயத்தைத் தெரிந்து வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஒருத்தரிடம் என்னத்தைப் பேசுவது?

ஒன்பதாம் நாள் காலையில் சமையலறையிலிருந்து பாட்டுக் கேட்டது. கட்டி வந்ததிலிருந்து பாட்டை நிறுத்தியிருந்த மனைவி, அவளுக்குப் பிடித்த அந்தப் பழைய துதிப் பாட்டைப் பாடிக்கொண்டே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஏதோ தெரிந்துவிட்டது. காரணம் இல்லாமல் யாராவது பாடுவார்களா?

லிப்டுக் குழிக்குள் சிக்னல் கிடைக்காது என்று ஆஸ்பத்திரியில் அவள் நம்பரைத்தான் கொடுத்திருந்தான். அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து போனை எடுத்துப் பார்த்தான். நேற்று மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு அழைப்பு. நாலு நிமிஷம். நல்ல சேதி சொல்ல அரை நிமிஷம் போதும். மீதி மூன்றரை நிமிஷமும் ஆறுதலாகத்தான் இருக்க வேண்டும்.

சாப்பிடும்போது போட்டு வாங்கிப் பார்த்தான். “நேத்து யாராவது கூப்பிட்டாங்களா?”

“எங்க அக்கா கூப்பிட்டா. இன்னும் ஒரு கரண்டி வைக்கட்டுமா?”

லிப்டைத் தூக்கும் இரும்புக் கயிற்றில் துணியைச் சுற்றிப் பிடித்துத் தடவிக்கொண்டே போவார்கள். உள்ளே ஒரு கம்பி அறுந்திருந்தாலும் துணி மாட்டிக்கொள்ளும். அவளிடமும் அப்படித்தான் கேள்வி கேள்வியாகத் தடவிப் பார்த்தான். எங்கேயும் மாட்டவில்லை. அதனாலேயே சந்தேகம் கூடியது.

வேலைக்குப் போனால் அங்கேயும் அதே கதை. கூட வேலை செய்கிற நெட்டையன் அவனை லிப்டுக்குள் விடவில்லை. “நீ வெளியிலயே நின்னு கதவைப் பாரு” என்றான், ரொம்பப் பதமாக. பதினாறு வருஷத்தில் நெட்டையன் பதமாகப் பேசியதே கிடையாது. ஆக, இவனுக்கும் சொல்லியாகிவிட்டது.

“என் பொண்டாட்டி உன்கிட்ட என்ன சொன்னா?”

“உன் பொண்டாட்டியா? அவங்க என்கிட்ட பேசியே ஆறு மாசம் இருக்கும்.”

“அப்ப என்னை ஏன் ஒதுக்குற?”

நெட்டையன் தலையைச் சொறிந்தான். லிப்டின் கூரைமேல் நிற்பவன் திசையைச் சொல்ல வேண்டும். உள்ளே பொத்தானை அழுத்துபவன் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் நகர்த்த வேண்டும். அது அவர்கள் தொழிலின் சட்டம். “நேத்து நான் கீழேன்னேன். நீயும் கீழேன்னு சொல்லிட்டு மேல ஏத்துன. நான் சட்டுனு குனியலேன்னா இன்னைக்கு எனக்குத் தலையே இல்ல. உனக்கு மனசு சரியில்லன்னு தெரியும், அதான் சொல்லல.”

அவன் முகத்தில் அசடு வழிந்தது. ஊரையே சந்தேகப்பட்டவன் தன் கையைச் சந்தேகப்பட மறந்திருந்தான். அரை நாள் லீவு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தான்.

வாசல்வரை பாட்டுக் கேட்டது. நேரே சமையலறைக்குப் போய் நின்றான்.

“நாலு நிமிஷம் என்ன பேசின?”

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். “பாத்துட்டீங்களா? ரிசல்ட் வந்துடுச்சுன்னாங்க. என்கிட்ட சொல்ல வேணாம், அவரு உடம்பு, அவருதான் முதல்ல கேக்கணும்னு சொன்னேன். அந்தம்மா சொல்றேன் சொல்றேன்னாங்க. வேணாம் வேணாம்னு சொல்லவே நாலு நிமிஷம் ஆச்சு.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“இன்னும் ஒரு நாள் நிம்மதியா சாப்பிடட்டுமேன்னுதான்.”

“தெரியாமலா பாடுற?”

“போனை வச்சதும் கை வெடவெடன்னு ஆடுச்சுங்க. ஆடிக்கிட்டே கும்பிட்டேன். எதுவா இருந்தாலும் நீ கூட இருன்னு மட்டும்தான் கேட்டேன். கொஞ்ச நேரத்துல மனசு லேசாயிடுச்சு. ஏன்னு எனக்கே தெரியல. பயம் அப்படியேதான் இருக்கு.” கையை நீட்டிக் காட்டினாள். விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

அவன் போனை எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போட்டான். நர்ஸ் காத்திருக்கச் சொன்னாள். மனைவி திரும்பவும் பாடத் தொடங்கினாள், மெதுவாக. காதில் போனை வைத்தபடி அவன் ஒன்பது நாள் கழித்து முதல் தடவையாகக் கடவுளிடம் பேசினான், மனசுக்குள். ‘சொல்லாட்டியும் பரவாயில்லை. கூட இரு.’ அவ்வளவுதான். உள்ளே ஏதோ ஒன்று இறங்கி உட்கார்ந்தது. நிம்மதி என்றுகூடச் சொல்லலாம். இது நிஜம்தானா என்று நாலு பக்கமும் தட்டிப் பார்த்தான். அது அசையவில்லை. இந்த நேரத்தில் சந்தோஷமா என்று அவனுக்கே வெட்கமாக இருந்தது.

நர்ஸ் வந்தாள். கேட்டுக்கொண்டான். “சரிம்மா” என்று சொல்லி வைத்தான்.

“கெட்ட கட்டிதான். திங்கட்கிழமை ஆபரேஷனுக்கு வரச் சொல்றாங்க. சீக்கிரமே கண்டுபிடிச்சதால எடுத்துடலாமாம்.”

பாட்டு பாதியில் அறுந்தது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். நேற்று மத்தியானத்திலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் வந்தது. அவன் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளில் கையைப் போட்டான். பிறகு அவள் விட்ட அடியிலிருந்து பாட ஆரம்பித்தான்.

“அந்த அடி அப்படியில்லங்க” என்றாள் அவள் அழுதுகொண்டே.

“சொல்லிக் குடு” என்றான்.